ஏழு கீற்றுக் கழுதை

தபால்காரர் போன் செய்தபோது அவள் யாரோ ஒரு பெரியவருடைய கீழ்த்தாடைக்குப் பொய்ப்பல் நட்டுக்கொண்டிருந்தாள். இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, சுடுகத்தியால் ஈறு இழைக்கிற வேலை. பாதியில் விட்டால் மெழுகு இறுகிவிடும். அதனால் எடுக்கவில்லை. மணி ஓய்ந்து மறுபடி அடித்தது. மூன்றாம் முறை அடித்ததும் கத்தியை வைத்துவிட்டாள். தபால்காரர் அப்படி விடாமல் அடிக்கிற ஆள் இல்லை. ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் போனில் தந்தி கொடுப்பதுபோல் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறவர்.

"ஏம்மா, உன் கழுதை நம்பர் என்ன?"

"எந்தக் கழுதை அண்ணே? என்கிட்ட மூணு இருக்கு."

"ஏழு கீத்து."

"நம்பர் நோட்டுல இருக்கு, பாக்கணும். ஏன், விலைக்குக் கேக்கறாங்களா?"

"முதல்ல பாரு."

அவள் சிரித்துக்கொண்டேதான் அலமாரியைத் திறந்தாள். பகலெல்லாம் மனிதப் பல் செய்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரம்பத்துப் பல் வேண்டும் என்று வீட்டில் கேலி. மரம் அறுக்கிற பழைய செயின்சாக்களைச் சேர்க்கிறவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தபால்காரரையும் சேர்த்து ஏழு பேர். அவர்களில் அவள் ஒருத்திதான் பெண். ஆனால் ஒரு மெஷினைத் தூக்கிப் பார்த்து அது எந்த வருஷம், அந்த வருஷத்தில் முன்பாதியா பின்பாதியா என்று சொல்ல அவளைவிட்டால் ஆளில்லை. அரை மில்லிமீட்டர் பிசகினால் வாய் புண்ணாகிவிடும் என்று பழகிய கண்.

'கழுதை' என்பது அவர்கள் ஒரு மாடலுக்கு வைத்திருந்த செல்லப் பெயர். அதன் சத்தத்துக்கும் உதைக்கும் அந்தப் பெயர் பொருந்தியது. பதினோரு வருஷம் ஒரே உருவத்தில் வந்ததாக விற்பனைத் தாள்கள் சொல்லும். உண்மையில் தொழிற்சாலை சத்தமில்லாமல் பலதையும் மாற்றிக்கொண்டே இருந்தது. முதல் நான்கு வருஷத்து மெஷின்களில் கயிறு இழுக்கும் பக்கத்து மூடியில் காற்று நுழைய ஐந்து கீற்றுத் துளை. உள்ளே சுழலும் இரும்புச் சக்கரமும் மெல்லியது. அந்தச் சக்கரம் வயதானால் வெடிக்கும். வெடித்துத் துண்டுகள் மூடியைக் கிழித்து வெளியே வந்த கதைகள் உண்டு. பிறகு சக்கரத்தைத் தடிப்பாக்கி, அதில் முக்கோணக் குறி ஒன்று குத்தினார்கள். மூடிக்கும் ஏழு கீற்று வந்தது. ஆகவே ஐந்து கீற்றை யாரும் ஓட்டக் கூடாது, அலமாரியில் அழகுக்கு வைக்கலாம். ஏழு கீற்றைத் தாராளமாக ஓட்டலாம். இந்த விதியை எழுதி, படம் போட்டு, சேகரிப்பாளர்கள் எல்லாரும் படிக்கிற இணையப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியிட்டதும் அவள்தான்.

நோட்டைப் பார்த்து நம்பரைச் சொன்னாள்.

"என்னோடதுக்கும் உன்னோடதுக்கும் பதினேழு நம்பர்தாம்மா வித்தியாசம்."

"அதனால?"

"என்னோடதைத் தொறந்தேன். தூசு தட்டலாம்னு. ஏழு கீத்துக்குக் கீழ பழைய சக்கரம் உக்காந்திருக்கு. மெல்லிசு. முக்கோணம் இல்ல. நடுத்துளையிலேருந்து விளிம்பு வரைக்கும் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருக்கு. நான் அதை வச்சு போன வாரம் விறகு அறுத்தேன்."

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. புது மூடி முதலில் வந்துசேர்ந்திருக்கிறது. புதுச் சக்கரம் தாமதமாகியிருக்கிறது. கையில் மிச்சமிருந்த பழையதைப் போட்டு மூடி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரமோ இரண்டு வாரமோ. சில நூறு மெஷின்கள்.

"உன்னோடது அலமாரியிலதானே இருக்கு?" என்றார் தபால்காரர்.

அலமாரியில் மூன்றாவது தட்டு காலியாக இருந்தது. தூசி படியாத இடம் ஒன்று மெஷினின் உருவத்தில் தெரிந்தது.

"தம்பிகிட்ட இருக்கு அண்ணே. காட்டுல."

*

தம்பி அவளைவிடப் பதினோரு வயது சிறியவன். மரம் வெட்டுவது தொழில். போன வாரப் புயலில் மலைச்சரிவில் ஒரு காடே சாய்ந்து, பாதையை அடைத்துக் கிடந்தது. அவனுடைய சொந்த மெஷின் அந்த நேரம் பார்த்துப் பிஸ்டன் கடித்து நின்றுவிட்டது. உதிரிப் பாகம் வர எட்டு நாள். முந்தின நாள் சாயங்காலம் வந்து, "அக்கா, உன் மியூசியத்துலேருந்து ஒண்ணு குடு. கீறல் விழாம திருப்பித் தரேன்" என்றான். அவள் யோசித்து, தட்டித் தட்டிப் பார்த்து, ஏழு கீற்றை எடுத்துக் கொடுத்தாள்.

"இருக்கறதுலயே இதுதான் நம்பிக்கையானது. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டு."

"அக்கா சொன்னா சரி" என்று தோளில் போட்டுக்கொண்டு போனான். சின்ன வயதில் ஒரு முறை, முட்டியளவுதான் தண்ணீர் என்று அவள் சொன்னதை நம்பிக் குதித்துக் கழுத்துவரை முழுகியவன். அப்போதும் இதையேதான் சொன்னான்.

அவனுடைய எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அழுத்தினாள். அதே குரல், அதே நிதானம். காட்டில் சிக்னல் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஏழெட்டு முறை அழுத்தினாள். மர டிப்போவுக்குப் போன் செய்தாள். அங்கிருந்த எழுத்தர், "மேல இருக்கறவங்களோட பேச வழியில்லைங்க, அவங்க இறங்கினாதான் உண்டு" என்றார்.

"எப்ப இறங்குவாங்க?"

"நாலு மணிக்கு."

அப்போது மணி பத்தேகால். தம்பி ஏழு மணிக்கே வேலையைத் தொடங்குகிறவன்.

அவளுடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் அவருக்கு 'நாப்பது' என்று பெயர். நாற்பதுக்கு மேல் முள் போனதை யாரும் பார்த்ததில்லை. அன்று ஒரு மாணவியைத் தெருமுனையில் இறக்கிவிட்டு அப்படியே வந்தார். அவள் முன்னிருக்கையில் ஏறினாள். பயிற்சிக் கார் என்பதால் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

"வெடிக்கும்னு நிச்சயமா?" என்றார்.

"தெரியாது. தபால்கார அண்ணனோடது போன வாரம் விறகு அறுத்தும் வெடிக்கலை. இது இன்னிக்கு மூணு மணி நேரமா ஓடுது."

"வெடிச்சா என்ன ஆகும்?"

ஊர் எல்லை தாண்டியதும் முள் நாற்பதைக் கடந்தது. ஐம்பது. எழுபது. கூரைமேல் இருந்த பயிற்சிப் பலகை காற்றில் படபடவென்று அடித்தது. முன்னால் போன லாரிக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கற்றுக்குட்டி ஏதோ தறிகெட்டு வருகிறது என்று பயந்து ஓரம் ஒதுங்கினான்.

மடியில் நோட்டை விரித்தாள். கண் தப்பாகப் படித்திருக்காதா, ஒரு எண் மாறியிருக்காதா என்ற நப்பாசை. எண் மாறவில்லை. ஆனால் அதற்குக் கீழே அவள் கையெழுத்திலேயே இரண்டு வரி இருந்தது.

'மூடியின் ஸ்க்ரூக்கள் பழைய வகை, கோடு வெட்டிய தலை. பின்னாளில் யாரோ மாற்றியிருக்க வேண்டும்.'

அடுத்த வரி: 'ஸ்க்ரூ தலைகளின் மேல் தொழிற்சாலை வைத்த சிவப்புப் பெயின்ட் உடையவில்லை. இதுவரை ஒருவரும் திறக்காத மெஷின். மிக அபூர்வம்.'

அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தாள். பெயின்ட் உடையவில்லை என்றால் ஸ்க்ரூவை யார் மாற்றியிருக்க முடியும்? ஒருவரும் மாற்றவில்லை. அந்தப் பழைய ஸ்க்ரூ தொழிற்சாலையிலேயே போட்டது. பழைய ஸ்க்ரூ போட்டார்கள் என்றால் உள்ளே இருப்பதும் பழையதுதான் என்று மெஷினே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. ஒரே பக்கத்தில், ஒரே பேனாவால், அடுத்தடுத்த வரியில் எழுதியவள் அவள். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்தச் சிவப்புச் சொட்டு கெட்டுவிடுமே என்று கழற்றவில்லை.

வளைவில் எதிரே பஸ் வந்தபோது அவளுடைய கால் தானாகப் பிரேக்கைப் போய் அழுத்திவிட்டது. கார் குலுங்கி நின்றது.

"காலை எடு" என்றார் கணவர், அதட்டாமல். "இன்னிக்கு நான் பாத்துக்கறேன். நீ காலைத் தூக்கி மேல வச்சுக்க."

மிச்ச வழி முழுக்க அவள் இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்து வந்தாள்.

*

மலைப்பாதையில் தடுப்புக் கம்பு போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு காவலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வண்டி போகாதுங்க. மேல ஒரே மரமாக் கிடக்கு. ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும்."

"யாராவது அடிபட்டு இறங்கினாங்களா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலையிலேருந்து யாருமே இறங்கலையே."

அது ஆறுதலாக இல்லை. இறங்க முடியாமலும் இருக்கலாம்.

"நீ நட. நான் வண்டியைக் கீழ்ப்பக்கமாத் திருப்பி வைக்கறேன்" என்றார் கணவர். பின்னிருக்கையில் கிடந்த பாடப் புத்தகங்களையும் குடையையும் எடுத்து டிக்கியில் போட்டார். எதற்காக இடம் பண்ணுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் நடக்கவில்லை, ஓடினாள்.

மழை ஊறிய மண். வேரோடு சாய்ந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடியில் நுழைந்தும் மேலே ஏறியும் போனாள். ஒரு செருப்பு சேற்றில் போயிற்று. கொஞ்ச தூரத்தில் சத்தம் கேட்டது. புது மெஷின்கள் இரண்டு, குளவி பறப்பதுபோல. அவற்றுக்கு அடியில், கனமாக, தொண்டை கட்டியதுபோல இன்னொன்று. அவளுக்கு அந்தக் குரல் தெரியும். அவள் தன் கையால் சுருதி சேர்த்துவைத்த குரல் அது.

கழுதை கத்திக்கொண்டிருந்தது. அப்படியென்றால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது முழு வேகத்தில் கத்தியது. மரத்தின் நடுப்பாகத்தில் இறங்கியிருக்கிறது. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் சுற்று என்று அவளுக்கு எண்ணாகவே தெரியும். அந்த எண் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. "நிறுத்துடா, நிறுத்துடா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள்.

சத்தம் நின்றது.

அவளும் நின்றுவிட்டாள். அணைத்தார்களா, இல்லை வேறு ஏதாவதா? புது மெஷின்கள் இரண்டும் இன்னும் இரைந்துகொண்டிருந்ததால் மற்றது எதுவும் காதில் விழவில்லை. ஓடுகிற வரைக்கும் ஓடுகிறதே என்று பயந்தவளுக்கு, நின்றதும் அதைவிடப் பெரிய பயம் வந்து முதுகில் ஏறிக்கொண்டது. மறுபடி ஓடினாள்.

அடுத்த வளைவைத் திரும்பியபோது தம்பி தெரிந்தான். அறுத்துப்போட்ட ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து, மடியில் யாருடைய மெஷினையோ வைத்துக்கொண்டு, அரத்தால் சங்கிலிப் பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தான். கை, கால், முகம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"அக்கா?" அரத்தைப் போட்டுவிட்டு எழுந்தான். அவனுடைய முகம் வெளுத்துவிட்டது. "யாருக்கு என்னாச்சு? அத்தானுக்கா?"

அவள் தலையை ஆட்டினாள். யாருக்கும் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவனுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மற்றக் கையை. அந்தக் கட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். பாட்டில் முழுவதையும் குடித்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். அவிழ்ந்த தலைமுடியைக்கூட முடிந்துகொண்டாள்.

"ஒத்தைச் செருப்போட ஓடி வந்திருக்கே" என்று அவன் சிரித்தான். "என்னதான் விஷயம்?"

"அந்த மெஷினை ஓட்டாதேடா. உள்ள பழைய சக்கரம். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"அது என்கிட்ட இல்லையே அக்கா. கூட வேலை பாக்கற நெட்டையன் கேட்டான்னு காலையிலயே குடுத்துட்டேன். பள்ளத்துல அறுக்கறான். இப்ப பெட்ரோல் ஊத்த நிறுத்தியிருக்கான்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. பள்ளத்தில் கயிறு இழுக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்பில் கழுதை கத்தத் தொடங்கியது.

*

தம்பி முன்னால் பாய்ந்தான். அவள் பின்னால் சறுக்கிக்கொண்டே இறங்கினாள். பள்ளத்தின் அடியில் பீப்பாய் பருமனுக்கு ஒரு மரம் குறுக்கே கிடந்தது. அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உயரமான ஆள் அதை அறுத்துக்கொண்டிருந்தான். காதில் அடைப்பு, முகத்தில் வலை. இடிவிழுந்தாலும் கேட்காது. அவள் கத்தினாள். தம்பி அவளுடைய தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"பின்னாலேருந்து கிட்டப் போகாதே. திடுக்குன்னு திரும்பினா ரம்பம் நம்ம மேல வரும். இங்கயே மரத்துக்குப் பின்னால நில்லு."

அவன் மட்டும் சுற்றிக்கொண்டு போனான். நெட்டையனின் பார்வைக்கு நேரே வருவதற்கு நாற்பது அடி இருக்கும். நாற்பது அடியும் சேறும் முள்ளும். அவள் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். நெட்டையனின் இடது கால் அருகே அந்த மூடி தெரிந்தது. ஏழு கீற்றும் தெரிந்தன. கழுதையின் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. வண்டிச் சக்கரத்தில் கல் மாட்டினதுபோல, சீராக, விடாமல். முன்பு அந்த நடுக்கம் கிடையாது. அவளைத் தவிர அங்கே யாருக்கும் அது கேட்டிருக்காது.

தம்பி எதிரே போய் நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்கே ஆட்டினான். நெட்டையன் நிமிர்ந்தான். பார்த்துவிட்டான். சரி என்று தலையசைத்து, மெஷினை மரத்திலிருந்து வெளியே இழுத்தான். பாரம் விட்டதும் மெஷின் ஒரு கணம் துள்ளி, குரல் கிறீச்சென்று மேலே ஏறியது.

அதன்பின் வந்த சத்தம் பெரியதாக இல்லை. கதவை அறைந்ததுபோல் ஒன்று. மெஷின் அவன் கையை விட்டுப் போய் மரத்தின்மேல் விழுந்து, அணைந்தது. நெட்டையன் நின்றுகொண்டேதான் இருந்தான். இடது கையைத் தூக்கிப் பார்த்தான், யாருடைய கையையோ பார்ப்பதுபோல. முழங்கைக்குக் கீழே சட்டையோடு சேர்ந்து சதை திறந்திருந்தது. பிறகு ரத்தம் வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து அவள் கண்ணை மூடவில்லை, மூட முடியவில்லை.

தம்பி தன் பெல்ட்டை உருவி, முழங்கைக்கு மேலே சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினான். "என்னப் பாரு, கையைப் பாக்காதே, என்னப் பாரு" என்று சொல்லிக்கொண்டே முறுக்கினான். நெட்டையன் அவனைப் பார்த்து, "காலையிலேருந்தே கொஞ்சம் உதறிச்சுடா. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான்.

இரண்டு கிலோமீட்டரையும் அவன் நடந்தே இறங்கினான். பாதிக்குமேல் கால் துவண்டது. தம்பியும் இன்னொரு ஆளும் தாங்கிப் பிடித்தார்கள். அவள் அவனுடைய கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். கீழே கார் தயாராக நின்றது. நான்கு கதவும் திறந்திருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பின்னிருக்கையில் நெட்டையனின் தலை அவளுடைய தோளில் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு தடவை அவன் பேச்சை நிறுத்தியபோதும் அவளுக்கு உயிர் போய்வந்தது. "பேசுங்க, ஏதாவது பேசுங்க" என்றாள். அவனும் பேசினான். வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, இன்று போய் அடைப்பதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறேன் என்றான். அதையே மூன்று முறை சொன்னான். நாற்பது என்று பெயர் வாங்கியவர் அன்று சிவப்பு விளக்கு இரண்டைத் தாண்டினார். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

*

கை போகவில்லை. நான்கு மணி நேரம் தைத்தார்கள். எலும்பு தப்பியது, நரம்பு ஒன்று அறுந்துவிட்டது. சுண்டு விரலும் பக்கத்து விரலும் இனி மடங்காது என்று மருத்துவர் சொன்னார்.

நெட்டையனின் மனைவி வந்தாள். அழுதாள். என்ன நடந்தது என்று கேட்டாள். தம்பிதான் சொன்னான்: பழைய மெஷின், உள்ளே ஒரு பாகம் உடைந்துவிட்டது. அவன் பக்கத்தில் நின்ற அக்கா, "மெஷின் என்னோடது. பயமில்லாம ஓட்டலாம்னு சொன்னதும் நான்தான்" என்றாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். சேறு காய்ந்த வெறுங்கால்வரைக்கும் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

தாழ்வாரத்தில் தம்பியும் அவளும் தனியாக நின்றபோது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நீ வந்தப்ப மெஷின் அணைஞ்சுதான் இருந்துச்சு அக்கா."

"தெரியும்."

"ஒரு சத்தம் குடுத்திருந்தா அவனுக்குக் கேட்டிருக்கும்."

"தெரியும்டா."

அவன் படியிறங்கிப் போய்விட்டான். ஒரு மாதம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மறுநாள் காலை அவள் சேகரிப்பாளர்களின் அந்த இணையப் பக்கத்தில் எழுதினாள். சுற்றி வளைக்கவில்லை. 'ஏழு கீற்று இருந்தால் ஓட்டலாம் என்று நான் எழுதியது தவறு. அதை நம்பி ஒருவர் காயப்பட்டிருக்கிறார். ஏழு கீற்றும் கோடு வெட்டிய ஸ்க்ரூவும் சேர்ந்திருந்தால் தொடாதீர்கள். மூடியைத் திறந்து பாருங்கள்.' கீழே உடைந்த சக்கரத்தின் படத்தைப் போட்டாள்.

எல்லாரும் பக்கத்தைப் படிப்பதில்லை. தபால்காரரிடம் ஒரு பேரேடு இருந்தது; எந்த நம்பர் யாரிடம் இருக்கிறது என்று இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தது. சந்தேகத்துக்கு உரிய எல்லைக்குள் முப்பத்தொரு பெயர்கள். இருவரும் அவளுடைய பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்து, பிளாஸ்டர் தாடைகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, சாயங்காலங்களில் போன் செய்தார்கள். சிலர் உடனே திறந்து பார்த்துவிட்டு நடுங்கிப்போய்த் திரும்ப அழைத்தார்கள். ஒருவர், "என் மெஷினைக் குறைஞ்ச விலைக்கு அமுக்கலாம்னு பாக்கறீங்களா?" என்று கேட்டுச் சண்டை போட்டார். ஒரு வீட்டில் பெண் குரல் எடுத்தது. "அவர் தோட்டத்துல இருக்காரே, மரம் அறுக்கறார்" என்றது. அந்தக் குரலுக்குப் பின்னால், தூரத்தில், கழுதையின் சத்தம் கேட்டது. "முன்பக்கமாப் போய்க் கை காட்டுங்க, பின்னால போகாதீங்க, ஓடுங்க" என்று அவள் கத்திய கத்தலில் தபால்காரரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. மூன்று நிமிஷம் போனைக் காதில் அழுத்திக்கொண்டு இருந்தாள். கடைசியில் சத்தம் நின்றது. நின்றபின் வந்த அமைதியில் அவளுக்குக் காது அடைத்தது. ஆண் குரல் ஒன்று எரிச்சலோடு "ஹலோ" என்றபோதுதான் மூச்சு விட்டாள்.

இருபத்தாறு பேருக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது. ஒன்பது மெஷின்களில் பழைய சக்கரம் இருந்தது. நான்கில் விரிசல்.

நெட்டையன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான் என்று தெரிந்து அவள் பார்க்கப் போனாள். இரண்டாவது மாடி. கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மனைவி ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு, அங்கேயே கதவில் சாய்ந்து நின்றாள். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்துவந்தது எதுவும் நினைவில் இல்லை. நேராகச் சொன்னாள்.

"நான் மேல வந்தப்ப உங்க கையிலிருந்த மெஷின் அணைஞ்சிருந்தது. தம்பியப் பாத்ததும் நான் உக்காந்துட்டேன். அவனுக்கு ஒண்ணும் ஆகலைன்னு... தண்ணி குடிச்சேன். மெஷின் எங்கன்னு கேக்கவே தோணலை. கேட்டிருந்தா நீங்க திரும்ப ஸ்டார்ட் பண்ணியிருக்க மாட்டீங்க."

நெட்டையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"உங்க தம்பியும் சொன்னான்" என்றான். "வந்து அழுதுட்டுப் போனான். தான் எனக்கு மெஷினைக் குடுத்ததுக்கு அவன் அழுதான். ஆளாளுக்கு வந்து அழறீங்க." பிறகு அவளைப் பார்த்தான். "எனக்குக் கோபம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. இந்தக் கையை வச்சு இனிமே மரம் ஏற முடியாது. அது இருக்கட்டும். இதே மாதிரி மெஷின் இன்னும் இருக்காமே? எல்லாருக்கும் சொல்லியாச்சா?"

"முப்பத்தொண்ணுல இருபத்தாறு பேருக்குச் சொல்லியாச்சு. அஞ்சு பேரைப் பிடிக்க முடியலை. நம்பர் மாறிப்போச்சு, வீடு மாறிட்டாங்க..."

"அஞ்சு பேரு."

"ஆமா."

"அப்ப இங்க உக்காந்துட்டு என்ன பண்றீங்க?"

அவள் எழுந்துகொண்டாள். படியிறங்கும்போதே தபால்காரரைக் கூப்பிட்டு, அந்த ஐந்து பேருடைய பழைய முகவரிகளைக் கேட்டாள். கணவர் அந்த வாரம் வகுப்புகளை ரத்து செய்தார். ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டியதில் மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருவர் இறந்துபோயிருந்தார், மெஷினைத் தெரியாத யாருக்கோ கொடுத்துவிட்டதாக மகள் சொன்னாள். இன்னொருவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த இரண்டு மெஷின்களும் எங்கேயோ இருக்கின்றன. மழைக்குப் பிந்திய நாட்களில், எந்தத் திசையிலிருந்தாவது ரம்பச் சத்தம் கேட்டால், அவள் கையிலிருக்கும் பல்லை மெழுகில் அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று கேட்கிறாள்.